கழுத்தைத் திருப்புதல்

"கூப்பிட்டா திரும்பிப் பாக்கமாட்டியாடா?" என்றாள் அம்மா, கழுத்துப் பட்டையுடன் கதவருகே நின்று.

பார்க்க முடியாத நிலையில்தான் இருந்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே, மரங்களின் உச்சியை உரசும் உயரத்தில் ஒரு ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். தலையில் ஒரு தொப்பி. தொப்பியின் முகப்பில் மூன்று சிறு விளக்குகள். அகச்சிவப்பு என்பதால் எரிவது கண்ணுக்குத் தெரியாது. மானிட்டர் மேல் அந்த மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமரா. நான் தலையை அசைத்தால் விளையாட்டுக்குள் இருக்கும் விமானியின் தலையும் அசையும். அம்மாவைப் பார்க்கத் திரும்பினால் அவனும் வால்பக்கம் திரும்பிக்கொள்வான், எதிரே மலை. அதனால் திரையைப் பார்த்தபடியே "சொல்லும்மா" என்றேன். சொன்னாள். என்ன சொன்னாள் என்று இப்போது நினைவில்லை. சிலிண்டர் புக் பண்ணச் சொல்லியிருப்பாள்.

இந்தக் கருவிக்கு ஹெட் டிராக்கர் என்று பெயர். விமானச் சிமுலேட்டர்களும் போர் விளையாட்டுகளும் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இது இல்லாத காலத்தில் நாங்கள் கட்டைவிரலால்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் ஒரு குட்டிக் குமிழ் இருக்கும். அதை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் தெரியும், கீழே இழுத்தால் பின்பக்கம். எட்டுத் திசைகள், எட்டு ஜன்னல்கள். 2001இல் வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' மாதிரியான விளையாட்டுகளில், பின்னால் வருகிறவனை முதலில் பார்த்தவன்தான் பிழைப்பான். கட்டைவிரலால் பார்க்கிறவன் அனேகமாகப் பிழைக்கமாட்டான்.

நான் படிப்படியாகத்தான் ஏறி வந்தேன். முதலில் லேப்டாப்பின் சாதாரண வெப்கேம். 'ஓப்பன்டிராக்' என்கிற இலவச மென்பொருள் முகத்தைப் பார்த்தே தலை எந்தப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஊகித்துவிடும். சாயங்காலம் விளக்கு போடாவிட்டால் ஊகிக்காது. அடுத்து, செகண்ட்ஹேண்டில் ஒரு 'பிஎஸ்3 ஐ' கேமரா. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் செய்த வேலையைத்தான் நானும் செய்தேன்: கேமராவைப் பிரித்து, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய ஃப்ளாப்பி டிஸ்கின் உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டை வெட்டி ஒட்டுவது. அந்தத் தகடு சாதாரண வெளிச்சத்தை நிறுத்திவிடும், அகச்சிவப்பை விடும். ஃப்ளாப்பி அப்பாவின் பீரோவில் கிடந்தது. அதில் என்ன எழுதி வைத்திருந்தாரோ. ஆபீஸ் கணக்கோ, யாருக்கோ எழுதிய கடிதமோ. படிக்க இனி வழியில்லை. அதன் வழியாக ஒரு கேமரா என் தலையைப் பார்த்தது, ஒரு வருஷம்.

இதற்கு அடுத்த படியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த படி என்றால், இதற்கென்றே செய்யப்பட்ட, நொடிக்கு 120 படம் எடுக்கும் கேமரா. 'டிராக்ஐஆர்' இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 30க்கும் 120க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டால், 30 என்பது 33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என் தலையைப் பார்ப்பது. 120 என்பது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கண் இமைக்கும் நேரத்தில் சில்லறை. ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. தலை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மூச்சுவிட்டால் அசையும், எச்சில் விழுங்கினால் அசையும். அந்த நடுக்கம் திரையில் தெரியாமலிருக்க மென்பொருள் அதைத் தேய்த்து வழவழப்பாக்கும். தேய்க்கத் தேய்க்கத் தாமதம் கூடும். நான் திரும்பி முடித்த பிறகு என் பார்வை, குடித்தவன் மாதிரி, பின்னாலேயே தள்ளாடி வந்து சேரும். நல்ல கேமராவில் நடுக்கம் குறைவு, தேய்ப்பும் குறைவு, தாமதமும் குறைவு. இந்தக் கருவிகளில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தத் தாமதம் இல்லாமையைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும், அதில்தான் எனக்கு முதல் உறுத்தல் வந்தது. விளையாட்டில் பின்னால் பார்க்கவேண்டும், ஆனால் என் கண் மானிட்டரை விட்டு விலகக்கூடாது. இந்தச் சிக்கலுக்கான தீர்வு ஒரு வளைகோடு. மென்பொருளில் ஒரு கட்டம் வரும். கிடையாக நிஜத் தலை, செங்குத்தாக விளையாட்டுத் தலை. அந்தக் கோட்டை இழுத்து வளைத்து வைத்துக்கொள்ளலாம். என்னுடையதில் நான் 15 டிகிரி திரும்பினால் விமானி 120 டிகிரி திரும்புவான். நடுவில் கொஞ்சம் டெட்ஸோன், அதாவது அந்த எல்லைக்குள் நான் எவ்வளவு அசைந்தாலும் கணக்கில் வராது. ஒரு வாரம் பழகினால் போதும், கழுத்து இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு அது கணக்கு என்பதே மறந்துபோகும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 15 டிகிரி திரும்பிவிட்டு, ஏன் இன்னும் ஆள் தெரியவில்லை என்று அரை நொடி காத்திருந்தேன்.

(ஆன்லைன் சண்டையில் காசு கொடுத்தவனுக்குக் கூடுதல் கழுத்து கிடைக்கிறதே, அது நியாயமா என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. நல்ல ஷூ வாங்கியவன் கொஞ்சம் வேகமாக ஓடுவான், அவ்வளவுதான்.)

என்னோடு சேர்ந்து பறக்கும் நண்பன் ஒருவன் 120 கேமராவை ஒரு வாரத்துக்குக் கொடுத்தான். "போட்டுப் பாரு, அப்புறம் நீயே வாங்கிடுவ" என்றான். நாங்கள் ஆடுவது 'டிசிஎஸ்'. அதில் 2022இல் அப்பாச்சி ஹெலிகாப்டர் வந்தது. அப்பாச்சியின் விசேஷம் அதன் தலைக்கவசம். விமானியின் வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, அதில் ஒரு குறுக்குக்கோடு. வயிற்றுக்குக் கீழே தொங்கும் 30 மில்லிமீட்டர் துப்பாக்கியை அந்தக் கவசத்தோடு இணைத்துவிட்டால், அவர் எங்கே திரும்புகிறாரோ அங்கே அதுவும் திரும்பும். 1980களில் வந்த அந்தக் கவசம் தலையைத் தொடர்ந்ததும் அகச்சிவப்பை வைத்துத்தான். என் தொப்பிக்கும் அதற்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது, வம்சம் மட்டும் ஒன்று. இரவில் மூக்கின் மேலிருக்கும் வெப்பக் கேமராவும் தலையோடு சேர்ந்து திரும்பும். அப்போது வலது கண் பார்ப்பது வெளியே உள்ள நிலத்தை, இடது கண் பார்ப்பது காக்பிட்டின் இருட்டை. ஒரே மண்டைக்குள் இரண்டு இடங்கள்.

பார்வையே சுடும் என்பது நமக்குப் புதிதில்லை. மன்மதனை எரித்த நெற்றிக்கண் இருக்கிறது, புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணி இருக்கிறது. பொறியாளர்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வாரம், சிரியா வரைபடத்தில், ஒரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தேன். சிரியா என்றால் கற்பனை ஊர் இல்லை. அலெப்போவும் டமாஸ்கஸும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. ராணுவ வண்டிகளோடு சேர்த்துப் பொதுமக்களின் வண்டிகளையும் சாலையில் ஓடவிடும் வசதி அதில் உண்டு. ஒரு பேருந்து போனது. அட, பேருந்தெல்லாம் வைத்திருக்கிறார்களே என்று பார்த்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. ஒரு நிமிஷம் முன்புவரை வேறெதையோ சுட்டுக்கொண்டிருந்த விரல் ட்ரிக்கரில் அப்படியே இருந்தது. பார்த்தேன், சுட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு 'அதனால்' இல்லை.

பேருந்து எரிந்தது. அதற்குள் யாரும் கிடையாது. வெளியே ஓடிவர ஒரு பொம்மை மனிதன்கூட இல்லை. ஆனாலும் ஹெலிகாப்டரை ஒரு வயலில் இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நண்பனிடம் சொன்னபோது சிரித்தான். "டேய், அது பிக்ஸல்டா. பிக்ஸலுக்கு யாராவது காரியம் பண்ணுவாங்களா?"

அவன் சொன்னது சரிதான். பேருந்துக்காக நானும் வருந்தவில்லை. என் பழைய கேமராவாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதுதான் என்னைக் குடைந்தது. ஃப்ளாப்பித் தகடு ஒட்டிய அந்தக் கேமராவில் என் பார்வை தள்ளாடித் தள்ளாடிப் பேருந்துக்கு வந்து சேர்வதற்குள், இது பேருந்து என்று மூளைக்கு எட்டியிருக்கும், விரல் தளர்ந்திருக்கும். அந்தத் தாமதம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைக் கோளாறு என்று நினைத்து, காசு கொடுத்து நீக்கப் பார்க்கிறேன்.

இதிலிருந்து ஒரு சித்தாந்தமே கட்டினேன். இரண்டு நாள் அதோடு சந்தோஷமாக இருந்தேன். மனசாட்சி என்று நாம் சொல்வது பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள தாமதம்தான். கண் பார்க்கும், கை செய்யும், நடுவில் ஒரு முழ தூரம். அந்த ஒரு முழத்தில்தான் அறம் குடியிருக்கிறது. தலையையும் துப்பாக்கியையும் ஒட்டவைப்பது அந்த வீட்டை இடிப்பது. 33 மில்லிசெகண்டில் கொஞ்சம் மனிதன் இருக்கிறான், 8இல் இல்லை. எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் பாக்தாத் நினைவுக்கு வந்தது.

2007 ஜூலை 12. இரண்டு அப்பாச்சிகள். கீழே தெருவில் நின்றவர்களில் இருவர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக வேலை செய்தவர்கள்: புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்தீன், அவருக்கு உதவியாளராகவும் ஓட்டுநராகவும் இருந்த சயீத் ஷ்மாக். இருவரும் கொல்லப்பட்டார்கள். மேலிருந்து எடுத்த காணொளியை 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்டது. நான் அதைப் பார்த்தது கல்லூரியில், யாரோ அனுப்பி, நள்ளிரவில். கறுப்பு வெள்ளைப் படம், நடுவில் குறுக்குக்கோடு. நமீர் ஒரு சுவரின் முனையிலிருந்து நீண்ட லென்ஸோடு எட்டிப் பார்க்கிறார். மேலே இருப்பவர்களுக்கு அது கேமராவாகத் தெரியவில்லை, ஆயுதமாகத் தெரிந்தது. பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், பார்த்துக்கொண்டிருந்த கோலத்தினாலேயே குறியானார். பிறகு காயம்பட்டவரைத் தூக்க ஒரு வேன் வந்தது, அதையும் சுட்டார்கள். அதற்குள் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். காயங்களோடு பிழைத்தார்கள்.

என் சித்தாந்தம் இங்கே உடைந்துவிட்டது. ஏனென்றால் அது தலையைத் திருப்பினதும் சுட்ட காட்சி இல்லை. மூக்கிலிருக்கும் கேமரா வழியாக, நிதானமாகப் பார்த்து, ரேடியோவில் அனுமதி கேட்டு, கிடைக்கும்வரை காத்திருந்து சுட்டார்கள். தாமதம் இருந்தது. மில்லிசெகண்ட் இல்லை, ஒரு மனிதன் மனம் மாறப் போதுமான நேரம். வேன் விஷயத்தில் அனுமதி வரத் தாமதமாவதில் ஒரு பொறுமையின்மையே குரலில் கேட்கும். அந்த ஒரு முழத்தில் அறம் குடியிருக்கும் என்றால், அன்று அந்த வீடு திறந்துதான் கிடந்தது, உள்ளே யாரும் வரவில்லை.

ஆகவே தாமதம் இல்லை. வேறு ஏதோ ஒன்று.

நம் மொழியில் 'கண்ணோட்டம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று அதற்கு ஒரே அர்த்தம்தான்: பார்க்கும் கோணம். வரலாற்றுக் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம். கருத்தரங்கத் தலைப்புகளில் தினமும் புழங்கும் சொல். ஆனால் திருக்குறளில் 58ஆம் அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்குப் பொருள் இரக்கம், தாட்சண்யம். பரிமேலழகர் இதை விளக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழகியவர் ஒருவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்கமுடியாமல் போவதுதான் கண்ணோட்டம் என்கிறார். கண் அவர்மேல் சென்றதும் அப்படி ஆகிவிடுவதால்தான் அந்தப் பெயராம். அதாவது பார்ப்பதால் பார்க்கிறவனுக்கு ஒரு பலம் கூடுவதில்லை. இருந்த ஒரு பலம் போகிறது. மறுக்கிற பலம். சிமோன் வெய்லும் கவனத்தை ஓர் அறச்சொல்லாக்கியவர்தான், ஆனால் அவருடைய கவனம் பிரார்த்தனைப் பக்கம் போய்விடும். வள்ளுவர் இதை வைத்திருப்பது பொருட்பாலில், அரசியலில். ஆயுதம் கையில் இருக்கும் அரசனுக்குச் சொல்வது. அடுத்த அதிகாரம் என்ன தெரியுமா? ஒற்றாடல். உளவு. பார்வையின் இரண்டு வேலைகளையும் அடுத்தடுத்த அறைகளில் குடிவைத்திருக்கிறார். இரண்டும் வேண்டும் என்றுதான் அவரும் சொல்கிறார், அவர் ஒன்றும் அப்பாவி இல்லை.

அந்தச் சொல் எப்போது இரக்கத்திலிருந்து கோணத்துக்கு நகர்ந்தது என்று யாராவது மொழியியல் படித்தவர்கள் எழுதினால் படிப்பேன். அப்பாச்சி செய்வதும் அதே நகர்வுதான்: கண் ஒருவர்மேல் செல்வதை வெறும் கோணமாக்குவது. கிடையாக இத்தனை டிகிரி, செங்குத்தாக இத்தனை டிகிரி. என் தொப்பியும் அதைத்தான் செய்கிறது. தலையைத் தொடர்கிற கருவிக்குத் தலைதான் தெரியும். நான் யாரைப் பார்க்கிறேன், பார்த்ததில் எனக்கு என்ன ஆனது என்பது அதற்குத் தேவைப்படாத தகவல்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1960களில் அமெரிக்காவில் பெல் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார்கள். இரவில் தரையிறங்க வசதியாக ஹெலிகாப்டரின் அடியில் ஒரு கேமரா, அது விமானியின் தலையோடு சேர்ந்து திரும்பவேண்டும். அதை ஒரு கட்டடத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேமரா மொட்டைமாடியில், தலையில் திரையை மாட்டியவர் கட்டடத்துக்குள். மாடியில் இரண்டு பேர் பந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருவர் பந்தைக் கேமராவைப் பார்த்து வீச, கட்டடத்துக்குள் பத்திரமாக இருந்தவர் சட்டென்று குனிந்துவிட்டார். ஐவன் சதர்லேண்ட் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கேமராவுக்குப் பதிலாகக் கணினி வரையும் படத்தைக் காட்டினால் என்ன என்று அவர் யோசித்ததுதான் 1968இல் கூரையிலிருந்து தொங்கவிட்ட அந்தப் புகழ்பெற்ற தலைத்திரையாக ஆனது. இன்றைய விஆர் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை.

எனக்கு அந்தக் குனிந்த ஆள்தான் முக்கியம். தலையைத் திருப்பி ஒன்றைப் பார்த்தார், அது அவரை வந்து தொட்டது. தொடமுடியாத இடத்தில் இருந்தும் உடம்பு அதை நம்பியது. அடுத்த இருபது வருஷத்தில் தலையைத் திருப்பினால் பந்து நம்மிடமிருந்து அந்தப்பக்கம் போகும்படி மாற்றிவிட்டார்கள். எந்தக் கருவியை மேம்படுத்தினாலும் அந்தத் திசையில்தான் மேம்படுத்துகிறோம். என்னுடைய பேருந்து எரிந்தபோது அதிலிருந்து ஒரு பந்தாவது என்னை நோக்கி வரும்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரு விளையாட்டை வாங்குவேனா என்று கேட்டால், உண்மையாகச் சொல்கிறேன், வாங்கமாட்டேன். நான் ஆபீஸ் முடிந்து வந்து ஆடுவது ஆசுவாசத்துக்காக.

இவ்வளவும் யோசித்தபிறகு கேமராவை வாங்கினேன். வாங்காமல் விட்டேன் என்று எழுதியிருந்தால் கட்டுரைக்கு நன்றாக இருந்திருக்கும். பார்சலை அம்மாதான் வாங்கி வைத்திருந்தாள். "எவ்ளோடா இது?" என்றாள். பாதி விலையைச் சொன்னேன். அதற்கே "இத்துனூண்டு டப்பாவா?" என்றாள்.

அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். பட்டை போட்டு மூன்று மாதம் ஆகிறது. அவளால் தலையை மட்டும் திருப்பமுடியாது. யாராவது கூப்பிட்டால் முதலில் பாதம் திரும்பும், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில் முகம். கேஸை சிம்மில் வைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முழு ஆளாகத் திரும்பி "என்னப்பா?" என்பாள். ஒரு ஆளைப் பார்க்க அவளுக்கு மூன்று நான்கு நொடி ஆகிறது. அதனாலேயே இப்போதெல்லாம் அவளைச் சும்மா சும்மா கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. கூப்பிட்டுவிட்டு "ஒண்ணுமில்ல" என்று சொல்லமுடிவதில்லை.

புதுக் கேமரா பிரமாதமாக இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்குக்கூடத் தேவையில்லை, கும்மிருட்டில் வேலை செய்கிறது. முதல்நாள் இரவு அமைப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அந்த வளைகோட்டை நேராக்கினால் என்ன ஆகும் என்று தோன்றியது. 15க்கு 120 வேண்டாம், 90க்கு 90. நிஜத்தில் எவ்வளவோ விளையாட்டிலும் அவ்வளவே. கோட்டின் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு நேர்கோடாக்கினேன். ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்திவிட்டு, இடப்பக்கம் முழுசாக, தோள்பட்டைக்கு நேராக முகம் வரும்வரை திரும்பினேன். திரையில் இடப்பக்கத்து வயலும் மலைச்சரிவும் வந்திருக்கவேண்டும். நான் பார்த்தது அப்பாவின் பீரோவை. மானிட்டர் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சமாகக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், கழுத்தில் ஒரு நரம்பு இழுத்தது.

கதவுப்பக்கம் செருப்புச் சத்தம். அவள் முழுசாகத் திரும்பி நின்று பார்க்க எவ்வளவு நேரம் ஆனதோ.

"என்னடா, கழுத்துப் புடிச்சுக்கிச்சா? அயோடெக்ஸ் எடுத்துட்டு வரட்டா?"